வீட்டு மதிப்பு ஏறுகிறது, பள்ளியில் மட்டும் ஏன் பணம் இல்லை? (டெக்சாஸ் சொத்து வரி)

கொங்கு_டல்லாஸ் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. டல்லாஸுக்கு வடக்கே வீடு வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. அப்ரைசல் நோட்டீஸில் வீட்டு மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. வரி பில்லை எடுத்தால் கவுண்டி, நகரம், கல்லூரி எல்லாவற்றையும் விடப் பெரிய தொகை பள்ளி மாவட்டத்துக்குத்தான் (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பு). பிள்ளைகள் படிப்புக்குத்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். இப்போது பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது: பட்ஜெட்டில் துண்டு விழுகிறதாம், காலிப் பணியிடங்களை நிரப்பமாட்டார்களாம், வகுப்பில் பிள்ளைகள் எண்ணிக்கை கூடுமாம். அதே மாவட்டத்தில்தான் இன்னொரு பக்கம் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது.

நம் ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் மாநில பட்ஜெட்டிலிருந்து போகும். வீட்டு வரியை வைத்துப் பள்ளி நடக்கும் இந்த ஏற்பாடே எனக்குப் புதிது. நாங்கள் கட்டும் பணம் எங்கே போகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இலந்தைப்பழம்

அதற்குப் பெயர்தான் ராபின் ஹூட் சட்டம். நாம் கட்டுவதை அள்ளி வேறு ஊர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். வேறு காரணம் தேட வேண்டாம்.

வரிக்கணக்கு

ராபின் ஹூட் அதில் ஒரு பகுதிதான் சகோ. பில்லிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

பள்ளி மாவட்டத்தின் வரி விகிதம் பில்லில் ஒரே எண்ணாக இருக்கும். உள்ளே இரண்டு பாகம். ஒன்று ‘எம் அண்ட் ஓ’, அதாவது அன்றாடச் செலவு: ஆசிரியர் சம்பளம், பஸ்ஸுக்கு டீசல், கரண்ட் பில். மற்றது ‘ஐ அண்ட் எஸ்’. பாண்ட் (கடன் பத்திரம்) போட்டு வாங்கிய கடனுக்கு அசலும் வட்டியும் கட்டுவது இதிலிருந்து. கட்டடம், பஸ், கணினி, விளையாட்டு அரங்கம் எல்லாம் பாண்ட் பணம். இந்தக் கடன் பாகத்திலிருந்து ஒரு காசைக்கூடச் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. நீங்கள் பார்த்த புதுக் கட்டடமும் நிரப்பாத பணியிடமும் ஒரே மாவட்டத்தில் இருப்பது இப்படித்தான். இரண்டும் வேறு வேறு உண்டியல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டு மதிப்பு 5,00,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நீங்களே குடியிருக்கும் வீடு என்றால் வரி போடாமல் கழிக்கும் ஹோம்ஸ்டெட் விலக்கு 1,40,000 டாலர். (2023-இல் இது 1,00,000 ஆனது. 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000 ஆனது.) மீதி 3,60,000. விகிதம் ஒவ்வொரு 100 டாலர் மதிப்புக்கும் எம் அண்ட் ஓ 75 சென்ட், ஐ அண்ட் எஸ் 30 சென்ட் என்றால், முதலாவது 2,700 டாலர், இரண்டாவது 1,080 டாலர். ஆக மொத்தம் 3,780.

அந்த 1,080 உங்கள் மாவட்டத்தின் கடனை அடைக்கப் போகும். சிக்கல் அந்த 2,700-இல்தான். அதைப் பிறகு எழுதுகிறேன், ஒரு மீட்டிங் இருக்கிறது.

பிளேனோ_அம்மா

ஆலன் ஊர் ஃபுட்பால் அரங்கம் இதற்கு நல்ல உதாரணம். 2009-இல் மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதித்த பாண்டிலிருந்து 6 கோடி டாலரில் கட்டி 2012-இல் திறந்தார்கள். 18,000 பேர் உட்காரலாம். கான்கிரீட்டில் விரிசல் விட்டு 2014-இல் கொஞ்ச காலம் மூடவும் வேண்டியிருந்தது. ‘அந்தப் பணத்தை ஆசிரியருக்குக் கொடுத்திருக்கலாமே’ என்று நம்மவர்கள் இன்றுவரை கேட்கிறார்கள். கொடுத்திருக்க முடியாது. அந்தப் பாண்ட் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டிருந்தால் கடன் வரி குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

2019 சட்டத்துக்குப் பிறகு பள்ளி பாண்ட் வாக்குச்சீட்டில் ‘இது சொத்து வரி உயர்வு’ என்று பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். மொத்த விகிதம் மாறாத இடத்திலும் அதே வாசகம்தான். அதைப் பார்த்தே பலர் வேண்டாம் என்று குத்திவிடுகிறார்கள். பாண்ட் பட்டியலைப் படித்துப் பார்த்து ஓட்டுப் போடுங்கள். ஒரே தேர்தலில் தனித்தனித் தீர்மானங்களாக வரும். பழைய பள்ளியின் கூரைக்கு ஆம் என்றும் அரங்கத்துக்கு வேண்டாம் என்றும் சொல்லலாம்.

வரிக்கணக்கு

வந்துவிட்டேன். எம் அண்ட் ஓ விஷயம்.

உங்கள் மாவட்டம் அன்றாடச் செலவுக்கு எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது ஊரின் வீட்டு மதிப்பு இல்லை, மாநிலத்தின் சூத்திரம். அதன் அடித்தளம் ஒரே ஒரு எண்: பேசிக் அலாட்மென்ட். ஒரு மாணவருக்கு 6,215 டாலர். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை, சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளை, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை என்றால் அதன் மேல் கொஞ்சம் கூட்டுவார்கள். சிறிய மாவட்டத்துக்கும் கூடுதல் உண்டு. எல்லாம் சேர்த்து மாவட்டத்துக்கு ஒரு தொகை வரும்.

இப்போது 10,000 மாணவர்கள் உள்ள இரண்டு மாவட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சூத்திரப்படி இரண்டுக்கும் 8 கோடி டாலர் என்று வரட்டும். முதல் மாவட்டம் தன் வரியில் 3 கோடி திரட்டுகிறது, மாநிலம் 5 கோடி போடுகிறது. அடுத்த வருடம் வீட்டு மதிப்பு ஏறி உள்ளூர் வரி மூன்றரைக் கோடி ஆகிறது. பள்ளிக்கு அரைக் கோடி கூடியதா? இல்லை. மாநிலம் தன் பங்கை நாலரைக் கோடியாகக் குறைத்துக்கொள்கிறது. பள்ளிக்கு அதே 8 கோடிதான். ஏறிய மதிப்பு மிச்சப்படுத்தியது மாநிலக் கஜானாவை.

இரண்டாவது மாவட்டத்தில் பெரிய கம்பெனிகள், மால்கள். வரியே ஒன்பதரைக் கோடி வருகிறது. 8 போக மீதி ஒன்றரைக் கோடி மாநிலத்துக்குப் போகும். இதுதான் ரீகேப்சர், மக்கள் வாயில் ராபின் ஹூட்.

கொங்கு அண்ணா, உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான். உங்கள் பில் ஏறுவதற்கும் பள்ளியின் வருமானம் ஏறுவதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. அந்தப் பேசிக் அலாட்மென்ட் ஏறினால்தான் பள்ளிக்கு ஏறும். 2019-இல் அது 5,140-லிருந்து 6,160 ஆனது. பிறகு ஆறு வருடம் அப்படியே நின்றது. அந்தக் காலத்தில் விலைவாசி கிட்டத்தட்டக் கால் பங்கு ஏறிவிட்டது. 2025-இல் சட்டமன்றம் கூட்டியது 55 டாலர். அந்த வருடம் பள்ளிகளுக்கு 850 கோடி டாலர் என்று அறிவித்தது உண்மைதான். அதில் பெரும் பகுதி ஆசிரியர் சம்பள உயர்வு போன்ற குறிப்பிட்ட தலைப்புகளில் கட்டப்பட்டுவிட்டது. ஆசிரியர்களுக்கு அது வேண்டியதுதான். ஆனால் கரண்ட் பில், இன்ஷூரன்ஸ், பஸ் ஓட்டுநர் சம்பளம் இதற்கெல்லாம் மாவட்டம் தன் இஷ்டப்படி எடுக்கக்கூடிய பணம் அதிகம் கூடவில்லை.

இலந்தைப்பழம்

தெளிவாகச் சொன்னீர்கள். ஆனாலும் என் வருத்தம் தீரவில்லை. நான் கட்டுவது என் ஊர்ப் பள்ளிக்கு என்று நினைத்துக் கட்டுகிறேன். அந்த ஒன்றரைக் கோடியில் எத்தனை ஆசிரியர்களை வைக்கலாம்! ஏன் இப்படி ஒரு சட்டம்?

ஆலமோ_அக்கா

இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். சான் ஆன்டோனியோவில் இருக்கிறேன், அந்தச் சட்டம் பிறந்த ஊர் இது.

நகரின் மேற்கே எட்ஜ்வுட் பள்ளி மாவட்டம், பெரும்பாலும் மெக்சிகன் அமெரிக்கக் குடும்பங்கள். வடக்கே ஆலமோ ஹைட்ஸ், வசதியான பகுதி. இரண்டும் ஒரே பெருநகர வட்டாரத்துக்குள். 1967-68 கணக்கை உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே படிக்கலாம். எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்கு ஈடாக இருந்த சொத்து மதிப்பு 5,960 டாலர். ஆலமோ ஹைட்ஸில் 49,000-க்கு மேல். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலருக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள், அந்த வட்டாரத்திலேயே அதிக விகிதம். அதிலிருந்து பிள்ளைக்குக் கிடைத்தது 26 டாலர். ஆலமோ ஹைட்ஸில் 85 சென்ட்தான் கட்டினார்கள். பிள்ளைக்கு 333 டாலர் கிடைத்தது.

இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அதிக விகிதத்தில் கட்டியவனுக்கு 26, குறைந்த விகிதத்தில் கட்டியவனுக்கு 333.

1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்களே வகுப்பைவிட்டு வெளியே நடந்தார்கள். டெமெட்ரியோ ரோட்ரிகெஸ் என்ற உலோகத்தகடு வேலைத் தொழிலாளியும் மற்றப் பெற்றோர்களும் வழக்குப் போட்டார்கள். 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அவர்களைத் தோற்கடித்தது. கல்வி என்பது அமெரிக்க அரசியலமைப்பு உறுதி செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்று தீர்ப்பு. நீதிபதி தர்குட் மார்ஷல் அதை எதிர்த்து நீண்ட மாற்றுத் தீர்ப்பு எழுதினார்.

வாஷிங்டனில் கதவு மூடியதும் மாநில நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1984-இல் தொடுத்த எட்ஜ்வுட் - கிர்பி வழக்கில் 1989-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது, இந்த முறை செல்லாது என்று. அப்போது மாநிலத்தின் மிகப் பணக்கார மாவட்டத்தில் ஒரு மாணவருக்கு 1.4 கோடி டாலருக்கு மேல் சொத்து, மிக ஏழை மாவட்டத்தில் சுமார் 20,000. 700 மடங்கு. அதற்குத் தீர்வாக 1993-இல் வந்ததுதான் நீங்கள் ராபின் ஹூட் என்கிற சட்டம்.

தம்பி, உங்கள் ஊரில் பெரிய அலுவலகக் கட்டடங்கள் இருப்பது உங்கள் பிள்ளை செய்த புண்ணியமும் இல்லை, எட்ஜ்வுட் பிள்ளை செய்த பாவமும் இல்லை. அந்த அலுவலகங்களில் வேலை பார்க்கிறவர்கள், துடைத்துப் பெருக்குகிறவர்கள் எல்லாரும் உங்கள் மாவட்டத்திலா குடியிருக்கிறார்கள்?

இலந்தைப்பழம்

அக்கா, 26-க்கும் 333-க்கும் என்னிடம் பதில் இல்லை. பகிர்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. என் கேள்வி வேறு. நாங்கள் அனுப்பும் பணம் எட்ஜ்வுட் பிள்ளைக்குக் கூடுதலாகப் போய்ச் சேர்கிறதா?

வரிக்கணக்கு

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். ரீகேப்சர் பணம் பள்ளி நிதித் திட்டத்துக்குள்தான் போகிறது. ஆனால் ஏழை மாவட்டத்துக்குச் சூத்திரப்படி சேர வேண்டியது எப்படியும் சேரும். ரீகேப்சர் கூடக் கூட, மாநிலம் தன் பொது வருமானத்திலிருந்து போட வேண்டியது குறைகிறது. எட்ஜ்வுட் பிள்ளைக்கும் உங்கள் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் கூட வேண்டுமென்றால் அந்த 6,215 மாற வேண்டும். பணக்கார மாவட்டமும் ஏழை மாவட்டமும் மோதிக்கொண்டிருக்கும்வரை மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் இருப்பவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை.

மாநிலத்திலேயே அதிக ரீகேப்சர் கட்டிவரும் மாவட்டம் ஆஸ்டின். அங்கேயும் வசதியில்லாத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் படிக்கிறார்கள். ஹியூஸ்டன் கதை இன்னும் விசித்திரம். 2016-இல் மக்கள் ‘ரீகேப்சர் கட்டமாட்டோம்’ என்று ஓட்டுப் போட்டார்கள். கட்டாவிட்டால் மாவட்டத்தின் பெரிய வணிகச் சொத்துகளைப் பிரித்து வேறு மாவட்டத்தோடு சேர்த்துவிடச் சட்டத்தில் இடமிருக்கிறது. 2017 மே மாதம் மறு வாக்கெடுப்பு, கட்டுகிறோம் என்று முடிந்தது.

எடிசன்_வாசி

நியூ ஜெர்சியிலிருந்து. இங்கேயும் சொத்து வரியில் பெரும் பங்கு பள்ளிக்குத்தான். ஆனால் மாநில வருமான வரி உண்டு. ஏழை நகரப் பள்ளிகளுக்கு மாநிலம் கூடுதல் பணம் தர வேண்டும் என்று ஆபட் வழக்குகளில் எங்கள் உச்ச நீதிமன்றம் கட்டாயப்படுத்தியது. மிஷிகன் 1994-இல் பள்ளிக்கான சொத்து வரியைப் பெரிதும் குறைத்து விற்பனை வரியை 4-லிருந்து 6 சதவீதம் ஆக்கியது. ஹவாயில் மாநிலம் முழுதும் ஒரே பள்ளி மாவட்டம், பள்ளிக்கென்று உள்ளூர் வரியே கிடையாது. டெக்சாஸில் வருமான வரியே இல்லாததுதான் சொத்து வரி மேல் இவ்வளவு பாரம் விழக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வரிக்கணக்கு

ஆமாம். 2019-இல் அரசியலமைப்பைத் திருத்தித் தனிநபர் வருமான வரியே போடக்கூடாது என்றும் ஆக்கிவிட்டார்கள். மாநிலப் பங்கு விற்பனை வரி, எண்ணெய்-எரிவாயு வரி, லாட்டரி, அப்புறம் 1854-இல் 20 லட்சம் டாலரில் தொடங்கிய நிரந்தரப் பள்ளி நிதி, இவற்றிலிருந்து வருகிறது. மத்திய அரசுப் பணம் 10 சதவீதத்தை ஒட்டித்தான், அதுவும் வசதியில்லாத பிள்ளைகள், சிறப்புக் கல்வி, மதிய உணவு என்று தலைப்புக் கட்டி வரும்.

முல்லைக்கொடி

நான் ஒரு தொடக்கப் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பெற்றோர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல ஆசை, இரண்டும் பணத்தைத் தொட்டவை.

முதலாவது வருகைப் பதிவு. டெக்சாஸில் பள்ளிக்குப் பணம் சேர்ந்த பிள்ளைகள் எண்ணிக்கைக்குக் கிடைப்பதில்லை, தினமும் வந்தவர்களின் சராசரிக்குத்தான் கிடைக்கிறது. வருடத்துக்குச் சுமார் 175 நாள் என்று வைத்தால் 6,215 டாலர் என்பது ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 35 டாலர் சொச்சம். ஒவ்வொரு நாளும் குறிப்பிட்ட ஒரு நேரத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஆசிரியர் கணினியில் பதிவார். அந்த நேரத்தில் இல்லாத பிள்ளைக்குப் பெரும்பாலும் அன்றைய பணம் இல்லை. ஆனால் அன்றைக்கும் ஆசிரியர் இருக்கிறார், விளக்கு எரிகிறது, பஸ் ஓடுகிறது. 60,000 பிள்ளைகள் சேர்ந்த மாவட்டத்தில் சராசரி வருகை 93 சதவீதம் என்றால் 4,200 பிள்ளைகளுக்கான அடிப்படைத் தொகை, அதாவது 2.6 கோடி டாலர், வராமலே போகிறது.

நம்மவர்கள் டிசம்பரில் ஊருக்குப் போனால் விடுமுறை முடிந்தும் இரண்டு வாரம் தள்ளித்தான் வருகிறோம். டிக்கெட் விலை எனக்கும் தெரியும். தாத்தா பாட்டியைப் பார்க்க வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் மற்றச் சின்ன வெளி வேலைகளை மாலையில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பதிவு நேரம் எது என்று உங்கள் பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு அழைத்துப் போனாலும் அன்றைய வருகை கணக்கில் இருக்கும்.

இரண்டாவது, சேர்க்கும்போது கொடுக்கும் வீட்டு மொழிப் படிவம். வீட்டில் பேசுவது தமிழ் என்றால் தமிழ் என்றே எழுதுங்கள். ‘தமிழ் என்று எழுதினால் பிள்ளையைத் தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள்’ என்று பயந்து, ஆங்கிலமே வராத பிள்ளைக்கும் ஆங்கிலம் என்று எழுதித் தருகிறார்கள். எழுதியதாலேயே எதுவும் நடக்காது, ஒரு மதிப்பீடு இருக்கும். நன்றாக ஆங்கிலம் தெரிந்த பிள்ளை அதில் தேறிவிடும். உதவி தேவைப்படும் பிள்ளை என்றால் பள்ளிக்கு அடிப்படைத் தொகையில் 10 சதவீதம் கூடுதலாக வரும், 620 டாலருக்குக் கொஞ்சம் மேல். அது பிள்ளைக்கு உதவத்தான்.

பிளேனோ_அம்மா

முல்லைக்கொடி சொன்னது பிள்ளைகள் குறையும் பழைய ஊர்களை இன்னும் பலமாக அடிக்கிறது. வீட்டு விலை ஏறியதால் சின்னப் பிள்ளை உள்ள குடும்பங்கள் வாங்க முடியாமல் இன்னும் வடக்கே போய்விடுகின்றன. வீட்டு மதிப்பு மேலே, பிள்ளைகள் எண்ணிக்கை கீழே. பிளேனோ மாவட்டம் 2024-இல் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது. ஒரு வகுப்பில் மூன்று பிள்ளை குறைந்தால் ஆசிரியர் சம்பளம் மூன்று பங்கு குறையுமா என்ன?

கொங்கு_டல்லாஸ்

இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை, எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். நாம் அப்ரைசலை எதிர்த்து ப்ரொடெஸ்ட் செய்து மதிப்பைக் குறைத்தால் பிள்ளைகள் பள்ளிப் பணத்தில் கை வைப்பதாகாதா? என் மனைவிக்கு அந்தத் தயக்கம் உண்டு.

வரிக்கணக்கு

தயங்க வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லுங்கள். உங்கள் எம் அண்ட் ஓ குறைந்தால் சூத்திரப்படி மாநிலப் பங்கு கூடும், அல்லது ரீகேப்சர் குறையும். உங்கள் மதிப்பு நியாயமாக இல்லை என்றால் மே 15-க்குள், அல்லது நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள், எது பின்னால் வருகிறதோ அதற்குள் ப்ரொடெஸ்ட் செய்யுங்கள். குடியிருக்கும் வீட்டுக்கு வரிக்கான மதிப்பை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது, ஹோம்ஸ்டெட் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்பா அம்மா பெயரும் பத்திரத்தில் இருந்து, 65 வயதுக்கு மேல் ஆகி, அங்கேயே குடியிருந்தால் இன்னும் 60,000 டாலர் விலக்கு உண்டு, பள்ளி வரியும் அந்த அளவிலேயே உறைந்து நிற்கும்.

ஒரே எச்சரிக்கை. ஒரு கவுண்டி முழுக்க மதிப்பை மிகக் குறைவாகப் போட்டால் மாநில கணக்கு அலுவலகம் தன் ஆய்வு மதிப்பை வைத்து மாநிலப் பங்கைக் கணக்கிடும். அப்போதுதான் பள்ளிக்கு அடி விழும். தனி வீட்டு ப்ரொடெஸ்டால் அது நேராது.

வாடகைவீடு

ஹெச்1பியில் இருக்கிறேன், அபார்ட்மென்ட் வாடகை. வரி பில்லும் வராது, ஓட்டும் கிடையாது. எனக்கு இதில் என்ன இடம்?

ஆலமோ_அக்கா

உங்கள் அபார்ட்மென்ட் உரிமையாளருக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு இல்லை. முழு மதிப்புக்கும் வரி கட்டி அதை வாடகையில் வைக்கிறார். ஆகவே நீங்களும் கட்டுகிறீர்கள். ஓட்டு இல்லாவிட்டாலும் பள்ளி போர்டு கூட்டத்தில் பெயர் கொடுத்துப் பேசலாம். ஆஸ்டினில் சட்டமன்றக் கல்விக் குழுக்களின் விசாரணையிலும் பதிந்து பேசலாம், குடியுரிமை கேட்கமாட்டார்கள். சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டம் ஒற்றைப்படை வருடங்களில்தான், 140 நாள் மட்டும். அடுத்தது 2027 ஜனவரி.

இந்த இழையில் இருப்பவர்கள் அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யலாமா? உங்கள் மாவட்ட பட்ஜெட்டில் உள்ளூர் வரி எவ்வளவு, மாநிலம் தருவது எவ்வளவு, ரீகேப்சர் எவ்வளவு என்ற மூன்று எண்களை எடுத்து, ஐந்து வருடத்துக்கு வரிசையாக இங்கே போடுங்கள். வலைத்தளத்திலேயே இருக்கும். சான் ஆன்டோனியோ பக்கம் உள்ள மாவட்டங்களை நான் எடுக்கிறேன்.

கொங்கு_டல்லாஸ்

காலின் கவுண்டி மாவட்டங்களை நான் எடுக்கிறேன் அக்கா. டென்டன் பக்கம் யார் இருக்கிறீர்கள்?

இலந்தைப்பழம்

டென்டன் நான். ஞாயிற்றுக்கிழமைக்குள் போடுகிறேன்.